கறுப்பு வயர் எங்கே போகணும்னு யாராவது முடிவு பண்ணித் தொலையுங்களேன்

ஐந்து இலக்கத்தில் விலை வைத்து எலெக்ட்ரிக் கிட்டார் பிக்கப் (கம்பிக்குக் கீழே உட்கார்ந்து அதன் அதிர்வை மின்சாரமாக்குகிற காந்தச் சுருள்) விற்கத் தெரியுது, பெட்டிக்குள் வயரிங் படம் அச்சடித்த ஒரு துண்டுத் தாள் வைக்கத் தெரியலை. ஸ்டிக்கர் மட்டும் தவறாமல் இருக்கு. அதுவும் ரெண்டு. ஒன்று கிட்டார் உறையில் ஒட்ட, இன்னொன்று காசு கொடுத்தவன் நெற்றியில் ஒட்ட. படம் வேணும்னா க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணணுமாம். பண்ணினால் கம்பெனியின் முகப்புப் பக்கம் திறந்து "குக்கீகளுக்குச் சம்மதமா?" என்கிறது. சம்மதம்யா, எல்லாத்துக்கும் சம்மதம். பச்சை வயர் எங்கே போகணும்? அதைச் சொல்லு முதல்ல.

பெட்டி மேல் மட்டும் கொட்டை எழுத்தில் "டிராப்-இன் ரீப்ளேஸ்மென்ட்". பழசைக் கழற்றிப் புதுசைப் போட்டால் முடிஞ்சுதாம். இதை எழுதினவர் வாழ்நாளில் கிட்டார் முகத்தை மூடியிருக்கிற ஒரு பிக்கார்டு தகட்டையாவது திறந்து பார்த்திருப்பாரா?

ஹம்பக்கர்னா இரைச்சலை அடக்குகிற பிக்கப், அதில் ரெண்டு காயில், அதாவது ரெண்டு சுருள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தொடக்கம், ஒரு முடிவு. ஆக நாலு வயர், கூடவே உறை இல்லாத ஷீல்டு வயர் ஒன்று. சீமோர் டங்கன் கம்பெனியில் கறுப்புதான் ஹாட், அதாவது ஒலி வெளியே போகும் வயர். பச்சையும் உறையில்லாததும் கிரவுண்டுக்கு, அதாவது எர்த்துக்கு. சிவப்பையும் வெள்ளையையும் முறுக்கி, ஈயம் வைத்து, ஸ்லீவ் போட்டு ஓரமாக விட்டுடணும். டிமார்சியோ கம்பெனியில் ஹாட் சிவப்பு. பச்சையும் உறையில்லாததும் அங்கேயும் கிரவுண்டுக்குத்தான், ஆனால் முறுக்கி மூட வேண்டியது கறுப்பும் வெள்ளையும். ஒருத்தர் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பரா, இன்னொருத்தர் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவு. எழுபதுகளிலிருந்து ரெண்டு பேரும் பிக்கப் விற்கிறார்கள். இத்தனை வருஷத்தில் ஒரு போன் போட்டு "கறுப்பை என்ன பண்ணலாம்?" என்று பேசி முடிச்சிருக்கக் கூடாதா? "அமெரிக்க வீட்டு வயரிங்கில் கறுப்பில்தானே கரண்ட் வரும்" என்று வக்காலத்து வாங்க ஒருத்தர் வருவார். வரட்டும். அந்த ஸ்டேட்டன் தீவு எந்த நாட்டில் இருக்காம்?

சரி, நிறம் மாறிப்போனால் என்ன குடியா முழுகிடும் என்கிறீர்களா? டங்கனை டிமார்சியோ படத்தைப் பார்த்து மாட்டினால் ஒரு காயிலின் ரெண்டு முனையும் ஒன்றோடொன்று சேர்ந்து அது செத்துப்போகும். மிச்சம் ஒரே காயில். ஹம்பக்கருக்குக் காசு கொடுத்து, இரைகிற சிங்கிள் காயிலை வாங்கின கணக்கு. இதையாவது மல்டிமீட்டர் காட்டிக்கொடுத்துடும். டங்கன் ஜேபி மாடல் 16 கிலோ ஓமுக்குக் கொஞ்சம் மேலே காட்டணும், எட்டு காட்டினால் பாதி போச்சு என்று அர்த்தம்.

டிமார்சியோவை டங்கன் படத்தைப் பார்த்து மாட்டினால்தான் வேடிக்கை. ரெண்டு காயிலும் தொடரில்தான் இருக்கும், ஒன்று மட்டும் தலைகீழாக. கம்பியின் ஒலி ஒன்றையொன்று தின்றுவிடும், இரைச்சல் ரெண்டும் கூடிடும். 1955-இல் கிப்சனில் இருந்த சேத் லவர் இரைச்சலை அடக்கி ஒலியைக் கூட்டுகிற இந்தப் பிக்கப்புக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். ரெண்டே ரெண்டு வயர் இடம் மாறினால் அவர் கண்டுபிடித்ததற்கு நேர் எதிரான சாதனம் தயார். மீட்டர் என்ன சொல்லும்? டிமார்சியோவின் சூப்பர் டிஸ்டார்ஷன் மாடல் என்றால் 13.7 கிலோ ஓம், கச்சிதம், எல்லாம் நலம் என்று சொல்லும். மின்தடைக்கு முன்னும் பின்னும் தெரியாது.

இதெல்லாம் படத்தைப் பார்க்காதவனுக்கு வருகிற வினை என்று தள்ளிவிடலாம். படத்தை எழுத்துக்கு எழுத்து பார்த்து மாட்டினவனுக்கு நடக்கிறதைக் கேளுங்க. நெக்கில், அதாவது கழுத்துப் பக்கம், பழைய பிக்கப் அப்படியே இருக்கு. பிரிட்ஜில், அதாவது கம்பி முடிகிற பக்கம், புதுசு, அந்தக் கம்பெனி சொன்ன நிறப்படியே. பிக்கார்டின் பதினொரு திருகையும் முடுக்கி, ஆறு கம்பியும் மாட்டி, இழுத்து விட்டு, திரும்ப சுருதி சேர்த்து, ஆம்பில் சொருகியாச்சு. ஸ்விட்சைப் பிரிட்ஜுக்குத் தள்ளினால் அபாரம். நெக்குக்குத் தள்ளினால் அருமை. நடுவில் வைத்தால், ரெண்டும் சேர்ந்து, சளி பிடிச்சவன் மூக்கால பாடுற மாதிரி ஒரு சத்தம். பேஸ் எங்கேயோ போயிடுச்சு. ரெண்டு கம்பெனியும் காந்தத்தையும் சுற்றையும் அவரவர் இஷ்டத்துக்கு வைத்திருக்கிறதால் ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்குது. ரெண்டு படமும் சரி. ரெண்டு பிக்கப்பும் சரி. யாரை வைய?

ஒரு பிக்கப்பின் வயரைத் திருப்பிப் போட்டால்தான் சரியாகும், அதுக்கு இனி அந்தக் கம்பிகளைத் தளர்த்தணும். ஆறையும். கம்பியைப் பூட்டி வைக்கிற ஃப்ளாய்ட் ரோஸ் பிரிட்ஜ் என்றால் அதற்கு முன்னால் நட்டில் மூணு பூட்டு, அதற்கான ஆலன் கீ ஒரு இடத்தில் இருக்காது. பிறகு பதினொரு திருகு. அதில் ஒன்று மரத்தைத் தின்று சும்மா சுற்றும், மேலே வராது. பிக்கார்டைத் தூக்கினால் ஜாக்குக்குப் போகும் வயர் நீளம் பத்தாமல் பிய்ச்சுக்கிட்டு வரும். ஆக ஒரு வேலைக்குப் போய் ரெண்டு வேலை. ஹாட்டையும் பச்சையையும் உருக்கி எடுத்து இடம் மாற்றி வைக்கணும், உறையில்லாத ஷீல்டு மட்டும் கிரவுண்டிலேயே கிடக்கணும். அவசரத்தில் அதையும் பச்சையோடு சேர்த்து ஹாட்டுக்கு அனுப்பினால் பிக்கப்பின் உலோகமே ஆன்டெனா, கை பட்டாலே உறுமும். பழைய பாணிப் பின்னல் வயர் வைத்த பிக்கப்பைத் திருப்பக் கூடாது என்பதும் இதனால்தான், அதில் மூடியும் கிரவுண்டும் ஒன்று. மாற்றி, மூடி, பதினொன்றையும் முடுக்கி, கம்பி ஏற்றி, சுருதி சேர்த்து, சொருகினால்... நிசப்தம். ஸ்விட்சின் காது ஒன்று குழிக்குள் ஒட்டின செம்புத் தகட்டில் உரசிக்கிட்டு நிற்குது. திரும்பவும் பதினொன்று! ஒரு இன்ச் இன்சுலேஷன் டேப் அந்தத் தகட்டு மேல் இருந்திருந்தால் போதும்.

மூடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கு, அதையும் எந்தப் பெட்டியும் சொல்வதில்லை. ஈயம் வைக்கிறதுக்கு முன்னாடி, மீட்டரை 20 கிலோ ஓமில் வைத்து, சிவப்பு முனையை ஹாட்டிலும் கறுப்பு முனையைக் கிரவுண்டிலும் பிடித்து, பிக்கப்பின் முகத்தில் தெரிகிற உலோகப் பொட்டு (pole piece) மேல் ஸ்க்ரூடிரைவரை வைத்துச் சட்டென்று பிடுங்கணும். எண் ஒரு கணம் ஏறும் அல்லது இறங்கும். முள் மீட்டர் இருந்தால் இன்னும் தெளிவு. ஒரே பிக்கப்பின் ரெண்டு காயிலும் ஒரே பக்கம் ஆடணும், நெக்கும் பிரிட்ஜும் ஒரே பக்கம் ஆடணும். ஒன்று மாறி ஆடினால் அங்கேயே திருப்பிவிடலாம். ஐந்து நிமிஷம்கூட ஆகாது.

பாட் (வால்யூமையும் டோனையும் ஏற்றி இறக்குகிற கன்ட்ரோல்) பற்றிப் பேச ஆரம்பிச்சா ரத்த அழுத்தம் ஏறும், அதனால் சுருக்கமாக. சிங்கிள் காயிலுக்கு 250கே (கிலோ ஓம்), ஹம்பக்கருக்கு 500கே. ஹம்பக்கரை 250கே-யில் மாட்டிவிட்டு "புதுப் பிக்கப் மந்தமா இருக்கே" என்று அதைத் திட்டுகிற கூட்டம் ஒன்று உண்டு. மாற்றலாம்னு அமெரிக்க பாட் வாங்கினால் அதன் கழுத்து 9.5 மில்லிமீட்டர், ஆசியத் தயாரிப்பு கிட்டாரின் ஓட்டை பெரும்பாலும் அதைவிடச் சிறிசு. ரீமர் தேடு. ஓட்டையைப் பெரிசாக்கினால் பழைய நாப் புதுத் தண்டில் ஏறாது, பல் எண்ணிக்கை வேற. நாப் தேடு. ஈயம் வைக்க 25 வாட் அயர்னை அந்தப் பாட்-இன் முதுகில் வைத்துக்கொண்டு தவம் கிடக்காதீங்க. முதுகை உப்புத்தாளால் கீறி, 60 வாட், பட்டை முனை, சில விநாடி, அவ்வளவுதான். மெதுவாகச் சுட்டால்தான் உள்ளே இருக்கும் கார்பன் வேகும். வயரை அரிக்கிற ஆசிட் ஃபிளக்ஸைக் கிட்டாருக்குள் கொண்டுவருகிறவரோடு பேச்சே கிடையாது.

இதில் பிக்கப்பின் முதல் பொட்டுக்கும் கடைசிப் பொட்டுக்கும் 49 மில்லிமீட்டர் இடைவெளியா, 53-ஆ என்று இன்னொரு பஞ்சாயத்து. அந்த உலோகப் பொட்டுக்கு நேராகக் கம்பி போகாவிட்டால் கண்ணுக்குத்தான் உறுத்தும், காதுக்குப் பெரிசாக ஒன்றும் இல்லை. விடுங்க.

இத்தனையும் முடிஞ்சு, எல்லாம் ஒழுங்காக வந்து நின்னால், கடைசி ஃப்ரெட்டில், அதாவது கழுத்தின் கடைசி உலோகப் பட்டையில், கம்பியை அழுத்திப் பிடித்து, பிக்கப்புக்கும் கம்பிக்கும் நடுவே உயரம் அளக்கணும். பிரிட்ஜ் ஹம்பக்கருக்கு 1.6, நெக்குக்கு 2.4 மில்லிமீட்டர் என்று தொடங்கி, காதைக் கேட்டு ஏற்றி இறக்கலாம். பிக்கப்பின் பக்கவாட்டில் இருக்கிற உயரத் திருகை அரைச் சுற்று திருப்பினால் ஒலி அடையாளம் தெரியாமல் மாறும். அந்தத் திருகு பழைய பிக்கப்பிலும் இருந்துச்சு. அதே திருகு. அதை அரைச் சுற்று திருப்பிப் பார்க்க ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும், கூரியர் வேண்டாம், குக்கீ சம்மதம் வேண்டாம். சிரிப்புதான் வருது, வேற என்ன பண்ண?

அப்புறம் இந்த ட்யூனர் ஆப் செய்கிறவர்கள். புதுக் கம்பி மாட்டி ஒரு கையில் கீயைத் திருகிக்கிட்டு, இன்னொரு கையில் மீட்டிக்கிட்டு இருக்கும்போது, சரியாக மேல் கம்பி ஏறிக்கிட்டு இருக்கிற அந்த நொடியில், திரை முழுக்க மிட்டாய் நசுக்கும் விளையாட்டு விளம்பரம். அதுவும் சத்தத்தோட. அந்தச் சத்தத்தை மைக் பிடிச்சு, "ஜி ஷார்ப், இறக்கு" என்று காட்டுது. எதை இறக்க? யாரை இறக்க?