டிராயிங் போட ரிமோட் டெஸ்க்டாப்பா?

வேளச்சேரி வீட்டில் உட்கார்ந்துகொண்டு, கிண்டி ஆபீஸில் இருக்கும் கம்ப்யூட்டரில் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக கேட் (CAD, கம்ப்யூட்டரில் பிளான் வரைவது) டிராயிங் போடச் சொல்கிறார்கள். "நெட் நல்லா இருந்தா அங்க உட்கார்ந்த மாதிரியே இருக்கும்" என்று சொல்பவர்கள் யாரும் இப்படி ஒரு சுவரைக்கூட வரைந்து பார்த்ததில்லை. மெயிலுக்கும் எக்செலுக்கும் இது போதும். டிராயிங் அப்படி இல்லை: மவுஸ் அசைவு அங்கே போய், படம் உருவாகி, சுருங்கித் திரும்பி வந்து என் திரையில் விரிவதற்குள் கை அடுத்த புள்ளிக்குப் போய்விடுகிறது, கிளிக் வேறு எங்கோ விழுகிறது.

சரி, தாமதம்கூடப் பழகிவிடும், நிறத்தை என்ன செய்வது? பேண்ட்வித்தை, அதாவது நெட்டில் போகும் டேட்டாவின் அளவை, மிச்சப்படுத்த 4:2:0 என்ற முறையில் நான்கு பிக்சலுக்குச் சேர்த்து ஒரே நிறத் தகவல்தான் வருகிறது. கறுப்புப் பின்னணியில் மெல்லிய சிவப்புக் கோடு மழையில் நனைந்த கோலம் மாதிரி கலங்கித் தெரிகிறது. ஒவ்வொரு பிக்சலுக்கும் முழு நிறம் தரும் 4:4:4 முறை பல வருஷம் முன்னாடியே வந்துவிட்டது, ஆபீஸ் மெஷினில் விண்டோஸ் பாலிசி என்ற செட்டிங் ஒன்றை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். கேட்டால் "எல்லாருக்கும் ஒரே செட்டிங்தான்" என்கிறார்கள். கணக்குப் பார்ப்பவருக்கும் எனக்கும் ஒரே செட்டிங் எப்படிச் சரிவரும்?

அப்புறம் கரண்ட். ஆபீஸில் கரண்ட் போய் மெஷின் அணைந்தால் பட்டனை அமுக்க ஆள் வேண்டும், சனிக்கிழமை யார் இருப்பார்கள்? கரண்ட் வந்ததும் தானாக ஆன் ஆக பயாஸில் (விண்டோஸ் ஆரம்பிக்கும் முன் வரும் மெஷின் செட்டிங்கில்) ஒரு ஆப்ஷன் இருக்கிறது, அதையாவது போட்டுத் தொலைக்கலாமே!