எந்த ஊர்த் தண்ணீர்?

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் முகநூலின் ஒளிப்படக் குழுக்களில் அருவிப் படங்கள் வரிசைகட்டி வரும். அவற்றில் பெரும்பாலானவை ஒரே முறையில் எடுக்கப்பட்டவை. லென்ஸுக்கு முன்னால் ஒளியைக் குறைக்கும் என்.டி. ஃபில்டரைப் பொருத்தி, கேமராவை முக்காலியில் நிறுத்தி, ஷட்டரைச் சில விநாடிகள் திறந்து வைத்தால், பாறையில் மோதிச் சிதறுகிற நீர் வெண்பட்டைத் தொங்கவிட்டதுபோல் பதிவாகும். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் எடுத்தேன்; பாராட்டும் கிடைத்தது. ஒருநாள், நெருங்கி எடுத்த என் அருவிப் படங்கள் ஐந்தை மேசையில் வரிசையாகப் பரப்பிப் பார்த்தபோது, எது பழைய குற்றாலம், எது அகத்தியர் அருவி, எது அதிரப்பள்ளி என்று எடுத்தவனாகிய எனக்கே சொல்லத் தெரியவில்லை. அன்றைக்குத் தொடங்கிய சங்கடம் இன்றுவரை தீரவில்லை.

குற்றாலத்துப் பேரருவியின் கீழ் ஒருமுறையேனும் நின்றவர்களுக்குத் தெரியும், அந்த நீருக்கு எடை உண்டு. அது பிடரியிலும் தோளிலும் அறைகிறாற்போல் விழும். பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் ஏறாது. நான் எடுத்த வெண்பட்டுப் படங்களில் அந்த எடையும் இல்லை, இரைச்சலும் இல்லை. நீரை அழகாக்குகிறோம் என்று நினைத்துக்கொண்டு, அதை ஊர்பேர் இல்லாத ஒன்றாக ஆக்கிவிடுகிறோம். ஆகவே, நீரைப் பொருளாகக் கொண்ட எந்தக் கலைப்படைப்பைப் பார்த்தாலும் இப்போது முதலில் எனக்கு எழுகிற கேள்வி, இது எந்த ஊர்த் தண்ணீர் என்பதுதான். தமிழில் இந்தக் கேள்வி புதிதும் அன்று. அகப்பொருள் இலக்கணம் திணைதோறும் கருப்பொருள்களை அடுக்கும்போது நீரையும் அவற்றுள் ஒன்றாக வைத்து, குறிஞ்சிக்கு அருவியும் சுனையும், மருதத்துக்கு ஆறும் பொய்கையும் மனைக்கிணறும், நெய்தலுக்கு மணற்கிணறும் உவர்க்குழியும் என்று பிரித்துச் சொல்கிறது. பொதுவான தண்ணீர் என்று ஒன்று அந்தப் பட்டியலில் இல்லை.

இந்தக் கேள்விக்கு மிகக் கறாரான பதிலைத் தந்தவர் என்று நான் கருதுவது அமெரிக்கக் கலைஞர் ரோனி ஹார்ன் அவர்களை. லண்டன் நகரத்தின் தேம்ஸ் ஆற்றை வைத்து 1999-இல் அவர் செய்த படைப்பு 15 பெரிய அச்சுப் படங்களைக் கொண்டது. கரை இல்லை, பாலம் இல்லை, படகு இல்லை. ஒவ்வொரு படத்திலும் நீரின் மேற்பரப்பு மட்டுமே சட்டம் முழுவதும் நிறைந்திருக்கிறது. ஒன்றில் பச்சை, ஒன்றில் சேற்றுப் பழுப்பு, ஒன்றில் ஏறக்குறையக் கறுப்பு. சற்று நெருங்கிப் பார்த்தால் அலைகளின் மேல் பொடிப்பொடியாக எண்கள் அச்சிடப்பட்டிருப்பது தெரியும். அவை அடிக்குறிப்பு எண்கள். படத்தின் கீழ் விளிம்பில் அந்தந்த எண்ணுக்குரிய குறிப்புகள் ஓடுகின்றன: நீரின் நிறம் பற்றிய யோசனை, அந்த ஆற்றில் விழுந்து உயிரை மாய்த்துக்கொண்டவர்களைப் பற்றிய செய்தி, பார்க்கிறவரை நோக்கிய கேள்வி. ஒரு நூலின் பக்கத்துக்கு அடிக்குறிப்பு இடுவதுபோல் ஓர் ஆற்றின் பரப்புக்கு அடிக்குறிப்பு இடலாம் என்ற எண்ணமே என்னை நெடுநேரம் உட்காரவைத்தது. நம் கூவத்துக்கோ வைகைக்கோ யாரேனும் இப்படிக் குறிப்பெழுதத் தொடங்கினால் எத்தனை பக்கம் நீளும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

அவரே 2007-இல் ஐஸ்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள ஸ்டிக்கிஸ்ஹோல்முர் என்னும் சிற்றூரில், குன்றின்மேல் இருந்த பழைய நூலகக் கட்டடத்தை நீரின் நூலகமாக மாற்றினார். புத்தக அலமாரிகள் இருந்த இடத்தில் தரையிலிருந்து கூரைவரை 24 கண்ணாடித் தூண்கள் நிற்கின்றன. அந்நாட்டின் வெவ்வேறு பனியாறுகளிலிருந்து கொண்டுவந்து உருக்கிய நீர் ஒவ்வொன்றிலும் தனித்தனியே நிரப்பப்பட்டிருக்கிறது. பார்வைக்கு எல்லாம் நீர்தான். ஆனால் ஒவ்வொரு தூணுக்கும் ஒரு பெயர், ஓர் இடம், ஒரு வயது இருக்கிறது. அதே நாட்டில் ஓக் என்ற பனியாறு 2014-இல் பனியாறு என்னும் தகுதியை இழந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டு, 2019-இல் அதற்கு ஒரு நினைவுப் பலகையும் வைக்கப்பட்டதை எண்ணும்போது, அந்தத் தூண்களை அழகுப் பொருள்களாக மட்டும் பார்க்க என்னால் முடியவில்லை.

இனி, நான் மிகவும் மதிக்கிற ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தைச் சேர்ந்த சூசன் டெர்ஜஸ் 1990-களில் டெவன் பகுதியின் டா என்னும் சிற்றாற்றில் கேமராவே இல்லாமல் படங்கள் எடுத்தார். அவருக்கு இரவுதான் இருட்டறை. ஒளியை உணரும் பெரிய தாளை ஓர் அலுமினியத் தட்டில் வைத்து, ஆள் நடமாட்டமில்லாத இருளில் ஆற்றுக்குள் இறங்கி, அதை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே கிடத்துவார். ஆறு அதன்மேல் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு கணம் மட்டும் மேலிருந்து ஃபிளாஷ் ஒளி பாயும். அந்தக் கணத்தில் தாளுக்கு மேலே இருந்த சிற்றலைகள், சுழிகள், கரையிலிருந்து தாழ்ந்து தொங்கிய கிளைகளின் நிழல் எல்லாம் இருந்தது இருந்தபடியே தாளில் இறங்கிவிடும். வானில் பரவியிருக்கும் நிலவொளியும் தன் பங்குக்கு ஒரு நிறச்சாயலை அதில் ஏற்றிவிடும். கையில் கிடைப்பது ஆள் உயரத்துக்கு நீண்ட ஒரு படம். ஆற்றின் ஒரு துண்டு, ஏறத்தாழ அதே அளவில்.

இதில் என்னைக் கட்டிப்போடுவது செய்முறையின் புதுமை அன்று. வழக்கமான ஒளிப்படத்தில் நாம் கரையில் நிற்கிறோம், நீர் எதிரே இருக்கிறது, நடுவில் லென்ஸ் இருக்கிறது. நீரைச் சிறிதாக்கவும் பெரிதாக்கவும் பட்டாக்கவும் நமக்கு வசதி உண்டு. டெர்ஜஸின் முறையில் அந்த வசதிகள் எல்லாம் போய்விடுகின்றன. அலையே லென்ஸாக வேலை செய்கிறது. நீரின் மேடு ஒளியைக் குவிக்கிறது, பள்ளம் பரப்புகிறது. குளத்தின் அடித்தரையில் நண்பகல் வெயில் வலைவலையாக ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வலையைத்தான் அவர் தாளில் பிடித்தார். ஓவியராகப் பயின்றவர், சில ஆண்டுகள் ஜப்பானில் வாழ்ந்தவர் என்பதை அறிந்த பிறகு, அந்த நீண்ட செங்குத்தான வடிவமும் பொறுமையும் எங்கிருந்து வந்தன என்பது ஓரளவு விளங்கிற்று.

ஒளிப்படக் கலைக்கும் நீருக்கும் உள்ள உறவு தொடக்கத்திலிருந்தே இப்படி நெருக்கமானதுதான். ஆங்கிலேய அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் 1842-இல், படத்தை நீல நிறத்தில் பதிக்கிற சயனோடைப் முறையைக் கண்டறிந்தார். மறு ஆண்டே தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் பிரிட்டனின் கடற்பாசிகளை அந்த முறையில் தாளில் பதித்துத் தொகுதியாக வெளியிடத் தொடங்கினார். கடலில் வளர்ந்த ஒன்றை, நீரிலேயே கழுவித் துலங்கவைத்த நீலப் படங்கள் அவை. அந்த முறையை நான் என் வீட்டு மொட்டை மாடியில் செய்து பார்த்திருக்கிறேன். ஃபெரிக் அமோனியம் சிட்ரேட்டையும் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடையும் தனித்தனியே கரைத்துக் கலந்து, தாளில் தடவி இருளில் உலர்த்தி, மேலே முருங்கை இலையைப் பரப்பிக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் வைத்தேன். கழுவும்போதுதான் வியப்பு காத்திருந்தது. போர் தண்ணீரில் கழுவிய தாள்களில் நீலம் சோர்ந்து, இலையின் விளிம்புகள் மங்கிப்போயின. அதே தாள், அதே கரைசல், அதே வெயிலில் வைத்துவிட்டு, முந்தைய இரவு வாளியில் பிடித்த மழைத் தண்ணீரில் கழுவியவை இங்க் கொட்டியதுபோல் ஆழ்ந்த நீலத்தில் நின்றன. காரத்தன்மை அந்த நீலத்துக்கு ஆகாது என்று வேதியியல் படித்த நண்பர் விளக்கினார். எங்கள் தெரு நிலத்தடி நீரின் குணம், நான் கேட்காமலேயே என் படத்தில் கையெழுத்துப் போட்டிருந்தது. மங்கிய தாள்களையும் நான் தூக்கியெறியவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

என் கருத்துக்கு எதிராக நிற்கக்கூடிய ஒருவரையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஜப்பானிய ஒளிப்படக் கலைஞர் ஹிரோஷி சுகிமோட்டோ 1980 முதல் எடுத்துவருகிற கடல் படங்களில் பாதி வானம், பாதி கடல், நடுவில் தொடுவானம், அவ்வளவுதான். கரீபியக் கடலும் அப்படித்தான் இருக்கிறது, லிகூரியக் கடலும் அப்படித்தான் இருக்கிறது. ஆதி மனிதன் கண்ட கடலை இன்றைய மனிதனும் அப்படியே காண முடியுமா என்பது அவர் தமக்குத்தாமே கேட்டுக்கொண்ட கேள்வி. ஊர் அடையாளத்தை வேண்டுமென்றே துடைத்த அந்தப் படங்கள் ஏன் என்னை ஏமாற்றவில்லை என்று நிரம்ப யோசித்திருக்கிறேன். பெரிய வடிவக் கேமராவில் எடுக்கப்பட்ட அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்கள் பலவற்றில் ஒவ்வொரு சிற்றலையும் எண்ணிவிடலாம் என்னும் அளவுக்குத் துல்லியமாக இருக்கிறது. நீர் நீராகவே இருக்கிறது. ஒவ்வொரு படத்தின் தலைப்பிலும் கடலின் பெயரையும் எடுத்த இடத்தையும் அவர் தவறாமல் எழுதுகிறார். வேறுபாடு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பெயரை வைத்து, நம்மை மறுபடியும் உற்றுப் பார்க்கச் செய்கிறார். என் ஐந்து அருவிப் படங்களில் நடந்தது அதுவன்று.

கலைஞர் ஓலஃபர் எலியாசன், நிலவியலாளர் மினிக் ரோசிங் இருவரும் கிரீன்லாந்தின் கடற்கழியில் உடைந்து மிதந்த பனிப்பாளங்களை எடுத்துவந்து, 2015-இல் பருவநிலை மாநாடு நடந்த பாரிஸில் பன்னிரண்டைப் பொதுவெளியில் உருகவிட்டார்கள். மக்கள் தொட்டார்கள், காதை வைத்துக் கேட்டார்கள். கையில் பட்ட குளிர் எந்தப் புள்ளிவிவரத்தைவிடவும் ஆழமாக இறங்கியிருக்கும் என்பதை ஏற்கிறேன். ஆனாலும், உருகுகிறது என்று சொல்வதற்காகப் பனியை அத்தனை தொலைவு சுமந்துவருவதில் எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. அதைவிட, கலைஞர் ஹான்ஸ் ஹாக்கே 1972-இல் ஜெர்மனியின் கிரேஃபெல்ட் நகரத்து அருங்காட்சியகத்தில் செய்தது எனக்கு நெருக்கமாக இருக்கிறது. அந்த ஊரின் கழிவு கலந்த ரைன் நதி நீரை அருங்காட்சியகத்துக்குள் கொண்டுவந்து, வடிகட்டிச் சுத்திகரித்து, ஒரு தொட்டியில் விட்டார். தொட்டியில் தங்கமீன்கள் நீந்தின. மிஞ்சிய நீர் பின்புறத் தோட்டத்துக்குப் பாய்ந்தது. பார்க்க வந்த ஊர்க்காரர்களுக்கு எதிரே இருந்தது அவர்கள் ஊர்த் தண்ணீர்.

நம் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு விடையாக நான் காட்ட விரும்புவது எம். பழனிகுமார் அவர்களின் படங்களை. 2022-இல், ஒளிப்படக் கலைஞர் தயானிதா சிங்கின் பெயரையும் ஊரக இந்தியாவை ஆவணப்படுத்தும் பாரி (PARI) இணையதளத்தின் பெயரையும் தாங்கிய தயானிதா சிங் - பாரி ஆவண ஒளிப்பட விருதை முதன்முதலாகப் பெற்றவர் அவர். இராமநாதபுரம் மாவட்டத்தின் பாரதிநகரிலிருந்து கடலுக்குச் சென்று மூழ்கிப் பாசி எடுக்கிற பெண்களை அவர் தொடர்ந்து பதிவுசெய்திருக்கிறார். விரல்களில் சுற்றிய துணி, கண்ணில் கண்ணாடி, இடுப்பில் வலைப்பை, முகத்தில் மூச்சடக்கிய இறுக்கம். அங்கே கடல் என்பது ஒருவர் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை செய்கிற இடம். பவளப்பாறை கையைக் கிழிக்கும் என்பதை அந்தத் துணிச்சுற்று ஒன்றே சொல்லிவிடுகிறது. நெய்தல் என்ற சொல்லை இவ்வளவு காலம் பாடத்தில் படித்தவன், அதன் உப்பை அந்தப் படங்களில்தான் உணர்ந்தேன்.

வெள்ளத்தைப் படமெடுத்தவர்களில் கிடியன் மெண்டல் தனித்து நிற்கிறார். தென்னாப்பிரிக்காவில் பிறந்த அவர், 2007-இல் இங்கிலாந்திலும் பீகாரிலும் சில வார இடைவெளியில் ஏற்பட்ட வெள்ளங்களைக் கண்டு இந்த வேலையைத் தொடங்கினார். மீட்புப் படகையோ அழுகிற முகத்தையோ அவர் தேடிப் போவதில்லை. வெள்ளம் சூழ்ந்த தங்கள் வீட்டுக்கு மக்கள் அவரோடு திரும்பிச் சென்று, மார்பளவு நீரில் நின்று, கேமராவை நேராகப் பார்க்கிறார்கள். பின்னால் அவர்கள் வீட்டுக் கதவு, சுவர், திரைச்சீலை. பணக்கார நாடானாலும் ஏழை நாடானாலும் பார்வை அதே பார்வை. ஆனால் வீடு அவரவர் வீடு. வெள்ளத்தில் நனைந்து சிதைந்த குடும்பப் படங்களையும் அவர் தேடியெடுத்துப் பெரிதாக்கித் தனி வரிசையாகக் காட்சிக்கு வைத்தார். அந்த வரிசையைப் பற்றி என்னால் விலகி நின்று பேச முடியாது.

2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது ஜாபர்கான்பேட்டையில் எங்கள் வீட்டிலும் வெள்ளம் புகுந்தது. கீழ்த்தட்டில் இருந்த ஆல்பம் இரண்டு நாள் தண்ணீரில் கிடந்தது. அம்மா ஒவ்வொரு பக்கமாகப் பிரித்துப் பார்த்தார். பல படங்கள் பிளாஸ்டிக் உறையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டன. வண்ணப் படத்தாளில் நீலப்பச்சைச் சாயம் மேலடுக்கிலும், மெஜந்தா நடுவிலும், மஞ்சள் தாளை ஒட்டிக் கீழேயும் இருக்கும். ஆகவே, நீர் அரிக்க அரிக்கப் படம் முதலில் சிவப்பாகும், பிறகு மஞ்சளாகும், கடைசியில் வெறும் வெள்ளைத் தாளாகும். தப்பிய படங்களில் ஒன்று, 1991-இல் குற்றாலத்தில் எடுத்தது. அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு நிற்கிறார். அம்மா ஈரப் புடவையோடு சிரிக்கிறார். பின்னால் அருவி இருந்த இடத்தை அடையாறு அரித்திருக்கிறது. மேலிருந்து கீழாகச் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பிறகு வெள்ளை என்று ஒரு பட்டை இறங்கி, அப்பாவின் முழங்கைக்குச் சற்று முன்னால் நின்றிருக்கிறது. அதை ஸ்கேன் செய்து சரிப்படுத்தித் தருவதாக ஸ்டுடியோக்காரர் சொன்னார். அம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அப்படியே கண்ணாடிச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டினார்.