கோடாக் தூங்கல, தெரிஞ்சேதான் விட்டுச்சு

கீழக்கரைல வாப்பா ஸ்டூடியோ வச்சிருந்தாங்க. 36 படம் எடுக்குற ஃபிலிம் ரோல்ல சூதானமா மாட்டி 38 எடுத்துருவாங்க. கருப்பு வெள்ளையை டார்க் ரூம்லயே கழுவிருவாங்க, கலர்னா பஸ்ல மதுரை லேபுக்குப் போகும், கவர் வர்ற அன்னைக்கு லாத்தாமாரு கடை வாசல்ல காத்துக் கிடப்பாங்க, சவூதில இருக்க மாப்பிள்ளைக்கு புள்ள படத்தை கடுதாசியோட அனுப்பணும்ல.

நேத்து ஒரு தம்பி, ஃபிலிம் ரோல் வித்த அமெரிக்கக் கம்பெனி கோடாக், டிஜிட்டல் கேமரா வர்றது தெரியாம தூங்கிருச்சுன்னு எழுதிருந்தாப்ல. அப்படி இல்லப்பா. 1975லயே கோடாக் இஞ்சினியர் ஸ்டீவ் சாஸன் டிஜிட்டல் கேமரா செஞ்சு காட்டிட்டாரு, ஒரு படம் கேசட்ல பதிய 23 செகண்ட் ஆகும். பொருள் கையிலயே இருந்துச்சு. ஆனா காசு வந்ததெல்லாம் ரோல்லயும் பேப்பர்லயும் கெமிக்கல்லயும், ஒவ்வொரு கிளிக்குக்கும் துட்டு, அப்படி இருக்கப்ப ரோலே வேணாங்கிற சாமானை முழுமூச்சா விக்க யாருக்கு மனசு வரும்? பின்னாடி டிஜிட்டல் கேமராவும் நல்லாவே வித்தாங்க, ரோல்ல பாத்த லாபம் மட்டும் அதுல இல்ல. 2012 ஜனவரில திவால் மனு போட்டாங்க.

ஜப்பான் கம்பெனி ஃபியூஜிக்கும் அதே ரோல் வியாபாரம்தான், அதே அடிதான். 2000க்குப் பிறகு ரோல் விற்பனை சரிஞ்சப்ப அவங்க நமக்கு என்னென்ன வேலை தெரியும்னு உக்காந்து கணக்குப் பாத்தாங்க. நம்ம தோல்ல இருக்க கொலாஜன்ங்கிற புரதம் ரோல்லயும் இருக்கு, கலர் மங்காம காப்பாத்துற கெமிஸ்ட்ரி அத்துப்படி, அதை வச்சே 2007ல முகத்துக்குப் போடுற க்ரீம் இறக்குனாங்க, எல்சிடி டிவிக்குள்ள வைக்கிற ஃபிலிமும் அவங்க செய்றதுதான். 2006ல கம்பெனி பேர்ல இருந்த ஃபோட்டோங்கிற வார்த்தையையே தூக்கிட்டாங்க. ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை போச்சு, அந்த வலியை மறைச்சுப் பேசக் கூடாது.

புது ஐடியா எல்லா பெரிய கம்பெனிக்குள்ளயும் இருக்கும், ஓடிட்டு இருக்க யாவாரத்துல தானே கை வைக்கிற தைரியம்தான் இருக்காது. அதையும் லாபம் வர்றப்பவே செய்யணும், நஷ்டம் வந்தப்புறம்னா காசும் இருக்காது, நல்ல ஆளுகளும் போயிருப்பாங்க.

வாப்பா ஸ்டூடியோ இருந்த வரைக்கும் டிஜிட்டல் கேமரா வாங்கல. லைட் வைக்கிறதுலயும், அழுகுற புள்ளைய சிரிக்க வச்சு எடுக்குறதுலயும் அவங்கள மாதிரி ஆள நான் பாத்ததே இல்ல, அந்தக் கைத்திறமைதான் எங்க முதல்னு எங்க யாருக்கும் அப்ப தோணல, ரோல்தான் தொழில்னு நெனச்சுட்டோம்.

போன வாரம் பரணை ஒதுங்க வச்சப்ப ஒரு டப்பால கழுவாத ரோல் ஒண்ணு கெடந்துச்சு. ராமநாதபுரத்துல நாலு கடை ஏறி எறங்கிட்டேன், கழுவ ஆள் இல்ல. வாப்பா அதைக் கைல வாங்கி "இது யாரு வீட்டு கல்யாணம்டா"ன்னு கேட்டாங்க. சென்னைல இன்னும் கழுவுற லேப் தெரிஞ்சா சொல்லுங்க, கொரியர்ல அனுப்பணும்.