ஒரே ஐரோப்பா, ஊருக்கு ஒரு டிக்கெட்

மூன்று வாரமாக ராத்திரி சாப்பாடு முடிந்ததும் லேப்டாப்பைத் திறந்து உட்கார்கிறேன். இதுவரை ஒரு ஐரோப்பிய ரயில் டிக்கெட்கூட கைக்கு வரவில்லை. எங்காவது கொட்டித் தீர்த்தால்தான் இன்றைக்குத் தூக்கம் வரும்.

அப்பா தெற்கு ரயில்வேயில் சிக்னல் பிரிவில் 34 வருஷம் வேலை பார்த்தவர். 2016இல் சுவிட்சர்லாந்தில் கோட்ஹார்டு சுரங்கப் பாதை திறந்தபோது பேப்பரில் வந்த படத்தை வெட்டி டைரியில் ஒட்டி வைத்திருக்கிறார். 57 கிலோமீட்டர், உலகத்திலேயே நீளமான ரயில் சுரங்கம். ஓய்வுபெற்ற பிறகு அவர் வாய் திறந்து கேட்டது அந்தச் சுரங்கம் வழியாக ஒருமுறை போக வேண்டும் என்பது ஒன்றுதான். சூரிக்-மிலான் ரயில் அதன் வழியாகத்தான் போகிறது. அம்மா கேட்டது வெனிஸ். அதனால் ஆம்ஸ்டர்டாமில் இறங்கி பாரிஸ், சூரிக், மிலான், வெனிஸ், வியன்னா, பிராக் என்று முழுக்க ரயிலிலேயே போய்வரலாம் என்று முடிவு செய்தோம். மூன்று பேருக்கும் இதுதான் முதல் ஐரோப்பா.

ஐரோப்பிய நாடுகள் தங்களுக்குள் எல்லையைத் திறந்துவிடப் போட்ட ஷெங்கன் ஒப்பந்தம் கையெழுத்தானது 1985இல். எல்லையில் சோதனைச் சாவடியை எடுத்தார்கள், பல நாடுகளுக்கு ஒரே காசு கொண்டுவந்தார்கள். இந்த ரயில் டிக்கெட்டில் மட்டும் ஏன் ஐயா எல்லையை அப்படியே வைத்திருக்கிறீர்கள்? பிரான்ஸுக்கு ஒரு இணையதளம், சுவிஸுக்கு ஒன்று, இத்தாலிக்கு ஒன்று, ஆஸ்திரியாவுக்கு ஒன்று. ஒரு தளத்தில் தெரியும் ரயில் இன்னொன்றில் தெரியாது. தெரிந்தாலும் விலை வேறு. முன்பதிவு எத்தனை மாதம் முன்னால் திறக்கும் என்பதும் ஆளாளுக்கு ஒரு கணக்கு. ஒன்று திறந்திருக்கும்போது மற்றது திறந்திருக்காது. எல்லாம் திறக்கட்டும் என்று காத்திருந்தால், முதலில் திறந்ததில் விலை ஏறிவிடுகிறது. மிலானிலிருந்து வெனிஸுக்குக் காலையில் பார்த்தபோது தலைக்கு 19.90 யூரோ. ஆபீஸ் முடிந்து வந்து பார்த்தால் 34.90. அதே ரயில், அதே வகுப்பு.

பாஸ் வாங்கினால் தொல்லை இல்லை என்றார்கள். யூரெயில் பாஸ் 33 நாடுகளில் செல்லும், 60 வயது தாண்டியவர்களுக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாஸ் கையில் இருந்தாலும் பாரிஸ்-சூரிக், சூரிக்-மிலான், மிலான்-வெனிஸ் மூன்றுக்கும் சீட் தனியாகக் காசு கட்டிப் போட்டாக வேண்டும். ஆம்ஸ்டர்டாமிலிருந்து பாரிஸ் போகும் யூரோஸ்டாரில் பாஸ்காரர்களுக்கென்று ஒதுக்கிய இடங்கள் கொஞ்சம்தான். அது தீர்ந்துபோனால் ரயிலில் சீட் காலியாக இருந்தாலும் நமக்குக் கிடையாது. முழுப் பணம் கட்டிப் பாஸ் வாங்கியவரை அந்த ரயிலில் ஏறாதே என்று சொல்வது என்ன நியாயம்?

சரி, தனித்தனியாகவே வாங்கலாம் என்று இறங்கினேன். பெயர் எழுதும் இடத்திலேயே முட்டுக்கட்டை. எங்கள் அம்மா பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலி. அவருக்கு இருப்பது ஒரே பெயர். தமிழ்நாட்டில் எத்தனை லட்சம் பேர் பாஸ்போர்ட் இப்படித்தான் இருக்கும்! தளமோ குடும்பப் பெயர் இல்லாமல் அடுத்த பக்கம் போகாது. சிவப்பில் ஒரு வரி, அவ்வளவுதான். இனிஷியலைப் போட்டால் இரண்டு எழுத்தாவது வேண்டும் என்கிறது. ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் போட்டால் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகாது, ரயிலில் சோதிப்பவர் கேட்டால் என்ன சொல்வது? வாடிக்கையாளர் சேவைக்கு மெயில் போட்டேன். நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது: "பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதவும்." படிக்காமலே பதில் போட்டிருக்கிறார்கள். அறுபத்தொரு வயதில் எங்கள் அம்மா தன் பெயரே ஒரு குற்றம் போல, "நான் வரலம்மா, நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்கிறார். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

அதைத் தாண்டினால் பணம் கட்டும் பக்கம். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்தாயிற்று, ஓடிபி வந்தாயிற்று, போட்டாயிற்று. சுற்றிக்கொண்டே இருந்து, நேரம் முடிந்தது, முதலிலிருந்து தொடங்கு என்கிறது. மூன்று முறை.

இதற்கு நடுவில் விசா. இத்தனை நாட்டுக்கும் சேர்த்து ஒரே ஷெங்கன் விசா. சென்னையில் விண்ணப்பம் கொடுக்க எந்த நாட்டில் எத்தனை ராத்திரி, நாடு விட்டு நாடு எப்படிப் போவாய், எல்லாம் தேதியோடு காட்ட வேண்டும். அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்துக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், வெனிஸில் ஒரு ராத்திரி கூட்டினால் விண்ணப்பமே வேறு தூதரகத்துக்கு மாறிவிடும். தலைக்கு 90 யூரோ கட்டணம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு. முடிவு சொல்லச் சாதாரணமாகப் பதினைந்து நாள், இழுத்தால் நாற்பத்தைந்து. மலிவு டிக்கெட் எல்லாம் திருப்பிக் கொடுக்க முடியாத டிக்கெட். விசாவுக்கு முன்னால் வாங்கினால் விசா மறுக்கப்பட்டால் பணம் போச்சு. விசா வந்தபிறகு வாங்கினால் விலை எங்கேயோ போயிருக்கும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது இதுதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சூரிக்கிலிருந்து வந்து மிலானில் வண்டி மாற வேண்டும். தளம் காட்டும் இடைவெளி பதினைந்து நிமிஷம். மிலான் சென்ட்ரலில் 24 பிளாட்பாரம். முழங்கால் வலியோடு அம்மா, இரண்டு பெட்டி, போர்டில் தெரியாத மொழி. முதல் வண்டி இருபது நிமிஷம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் செல்லாக்காசு, ஏனென்றால் அது தனி டிக்கெட். ஒரே டிக்கெட்டாக வாங்கியிருந்தால் அடுத்த வண்டியில் ஏற்றிவிட வேண்டியது அவர்கள் கடமை. ஒரே டிக்கெட்டாக விற்கவே மாட்டேன் என்று எனக்குத் தனித்தனியாக விற்றதும் அவர்கள்தானே! விமானத்தில் சென்னையிலிருந்து இரண்டு கம்பெனி மாறி வியன்னா போக ஒரே பிஎன்ஆர் கிடைக்கிறது. முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடுகிறார்கள். சுற்றுச்சூழலுக்காக விமானத்தை விட்டு ரயிலில் வா என்று ஊருக்கெல்லாம் சொல்கிற கண்டத்தில் ரயிலுக்கு அதைச் செய்ய முடியாதா?

நம் ஊர் ரயிலைப் பற்றி எனக்கும் ஆயிரம் குறை உண்டு. வெயிட்டிங் லிஸ்ட்டில் நானும் அழுதிருக்கிறேன். ஆனால் கன்னியாகுமரியில் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸில் ஏறினால் ஜம்மு பக்கம் இருக்கும் கத்ரா வரைக்கும் எத்தனை மாநிலம் தாண்டினாலும் ஒரே டிக்கெட், ஒரே தளம். கன்ஃபர்ம் ஆன டிக்கெட்டை முன்கூட்டியே ரத்து செய்தால் பிடித்தம் போக மீதிப் பணம் வருகிறது. அம்மாவின் ஒற்றைப் பெயரை அது இதுவரை ஒருமுறைகூடத் தடுத்ததில்லை.

வியாழக்கிழமை விசா மையத்தில் நேரம் கொடுத்திருக்கிறார்கள். இன்று காலை அப்பா அந்த டைரியோடு வந்து நின்றார். "ஏம்மா, சூரிக்லேருந்து சீட்டு போட்டாச்சா?"

"இன்னும் இல்லப்பா."

மூன்று வாரமாக அவருக்கு இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.