எக்கோ நார்மல் என்றால் அடைப்பு இல்லையா?
கோத்தகிரி மருத்துவ முகாமில் எக்கோ (ஒலி அலையால் இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன்) நார்மல் என்று வந்தவர்களுக்கு இதய ரத்தக்குழாயில் அடைப்பே இல்லை என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பலர் பகிர்ந்தும் விட்டார்கள். அது சரியல்ல.

எக்கோ காட்டுவது இதயத் தசை சுருங்கும் விதத்தையும் வால்வுகளையும்தான். தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோனரி குழாய்கள் சில மில்லிமீட்டர் அகலமே உள்ளவை. அவற்றுக்குள் இருக்கும் அடைப்பு சாதாரண எக்கோவில் தெரியாது. படுத்த நிலையில், ஓய்வில் எடுப்பதால், கணிசமான அடைப்பு இருந்தாலும் தசை நன்றாகவே இயங்கலாம். குழாயையே பார்க்க சிடி ஆஞ்சியோ (மருந்து செலுத்தி எடுக்கும் சிடி ஸ்கேன்) அல்லது கதீட்டர் ஆஞ்சியோ (ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை நுழைத்து எடுப்பது) வேண்டும்.

சந்தேகமா? உங்கள் ரிப்போர்ட்டையே எடுத்துப் பாருங்கள். இஎஃப் சதவீதம் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் எவ்வளவு ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்பது), வால்வுகள், அறைகளின் அளவு இருக்கும். எல்ஏடி, ஆர்சிஏ என்று பெயர் சொல்லி ஒவ்வொரு கரோனரி குழாயிலும் எவ்வளவு அடைப்பு என்ற விவரம் இருக்காது. சிடி ஆஞ்சியோ ரிப்போர்ட்டில் முக்கியமாக இருப்பதே அதுதான்.

எல்லோரும் சிடிக்கு ஓட வேண்டாம், அது டாக்டர் முடிவு. ஆனால் மேடு ஏறும்போது நெஞ்சு இறுகி, நின்றதும் விட்டால் (நம்மூரில் பழி மேட்டுக்கும் குளிருக்கும்தான் போகும்), எக்கோ நார்மல் என்று சும்மா இருக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.