சர்வரை மாற்றும் முன் ஒரு நாற்பது பக்க நோட்டு

போன வாரம் ஒரு பனியன் கம்பெனி ஓனர் போன் செய்தார். "தம்பி, சர்வர்ல விண்டோஸை மாத்தணும்னாங்க. ஞாயித்துக்கெழம வந்தீங்கன்னா ஆயிருங்களா?" ஆகாதுங்க என்றேன். விண்டோஸ் போடுவது ஒரு மணி, ஒன்றரை மணி நேர வேலை. அதற்கு முன்னால் மூன்று நாள் உங்கள் ஆபீசைச் சும்மா சுற்றி வரணும் என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. சுற்றுவதற்கும் பில் போடுவானோ என்று நினைத்திருப்பார். போடுவேன்.

ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் எல்லாம் நம்பியிருக்கும் அந்த சர்வரில் அவரிடம் இருப்பது விண்டோஸ் சர்வர் 2016. அதற்கான பாதுகாப்பு அப்டேட் 2027 ஜனவரி 12-உடன் நிற்கிறது. அதற்கு முந்தைய 2012 ஆர்2-வுக்கு 2023 அக்டோபர் 10-லேயே நின்றுபோனது. காசு கட்டி நீட்டித்துக்கொண்டவர்களுக்கும் 2026 அக்டோபர் 13 வரைதான். காசும் கட்டாமல், "ஓடுதுல்ல, விடுங்க" என்று அதையே வைத்து ஓட்டுகிறவர்கள் திருப்பூர்ப் பக்கம் எனக்கே நாலைந்து பேரைத் தெரியும். 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிவைத்துக் காசு கேட்ட வான்னாக்ரை வைரஸ் வந்தது ஞாபகம் இருக்கலாம். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்துவிட்டது. வந்த அப்டேட்டைப் போடாதவர்களுக்கே அந்தக் கதி. ஆகவே மாற்றத்தான் வேண்டும். என் சண்டை அந்த "ஞாயித்துக்கெழம வந்தீங்கன்னா" என்பதோடுதான்.

ஏன் என்றால் நானும் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை போனவன். சில வருஷம் முன்பு, வேறொரு கம்பெனி. புது சர்வர் போட்டு, கணக்கு எழுதும் டேலியை ஏற்றி, ஷேர்டு ஃபோல்டர் எல்லாம் நகர்த்தி, மாலை ஐந்து மணிக்கே முடித்துவிட்டேன். பெருமையாக டீ வேறு குடித்தேன். திங்கள், செவ்வாய், புதன் ஒரு போனும் இல்லை. சனிக்கிழமை காலையில் வந்தது. வாரக்கூலி போட உட்கார்ந்தால் அந்த வாரத்து வருகைப் பதிவே இல்லை. தோண்டிப் பார்த்தால், குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில், பழைய சர்வரில், நாலு வரிக் கட்டளை எழுதிய பேட்ச் ஃபைல் ஒன்று. ராத்திரி பதினொன்றரைக்கு விரல்ரேகை மெஷினிலிருந்து பதிவை எடுத்துச் சம்பள சாஃப்ட்வேரில் கொட்டுவது அதன் வேலை. எழுதிய பையன் வேலையை விட்டுப் போய் ஐந்து வருஷம். அவன் பெயரிலேயே இருந்த லாகினில் அது ஓடிக்கொண்டிருந்தது. இனி யாருக்கு இந்த லாகின் என்று நான்தான் புது சர்வரில் அதைச் சேர்க்காமல் விட்டிருந்தேன். நல்லவேளை, மெஷினுக்குள் பதிவு இருந்தது. மதியத்துக்குள் எடுத்துக் கொடுத்துவிட்டேன். அதுவரை டெய்லர்கள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்ததையும், யாரும் என்னைத் திட்டாததையும் மறக்க முடியவில்லை.

அன்றிலிருந்துதான், சர்வரை நம்பி ஓடுவதையெல்லாம் கேட்டு எழுதிக்கொள்ள இந்த நாற்பது பக்க நோட்டு. சர்வரில் என்ன ஓடுகிறது என்பதை சர்வர் பாதிதான் சொல்லும். மீதியை ஆட்கள்தான் சொல்ல வேண்டும். அதுவும் "சர்வர்ல என்ன யூஸ் பண்றீங்க?" என்று கேட்டால், "டேலி மட்டும்தாங்க" என்பார்கள். "காலையில வந்ததும் முதல்ல எதைத் திறப்பீங்க? மாசக் கடைசியில மட்டும் செய்யறது ஏதாவது இருக்குதுங்களா?" என்று கேட்டால்தான் வெளியே வரும். பேக்கிங் செக்‌ஷன் அக்கா ஒருவர், ஜெராக்ஸ் மெஷினில் ஸ்கேன் செய்தால் பில் நேராகக் கம்ப்யூட்டருக்குள் போய்விடும் என்றார். அந்த மெஷினுக்குப் பத்து வயதுக்கு மேல். ஃபைலை அனுப்ப அதற்குத் தெரிந்த ஒரே பாஷை எஸ்எம்பி 1. சர்வர் 2019-இலிருந்து, புதிதாகப் போட்டால் அது வருவதே இல்லை. வான்னாக்ரை புகுந்ததும் அந்த வழியாகத்தான். திரும்ப ஆன் செய்ய இரண்டு நிமிஷம் போதும், நிறையப் பேர் செய்கிறார்கள். நான் செய்ய மாட்டேன். மெஷினில் ஃபைல் அனுப்பும் இன்னொரு வழியான எஃப்டிபி இருக்கிறதா பார், இல்லையென்றால் ஒரு பென் டிரைவைச் செருகு, அதுவும் இல்லையென்றால் மெஷினை மாற்று.

பேக்அப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் ஒன்றுதான் கேட்பேன்: கடைசியாக எப்போது பேக்அப்பிலிருந்து ஃபைல்களைத் திரும்ப எடுத்து, அதாவது ரீஸ்டோர் செய்து, பார்த்தீர்கள்? இதுவரை ஒருவர்கூடத் தேதி சொன்னதில்லை. ஓர் இடத்தில் பேக்அப் டிஸ்க் நிரம்பி எட்டு மாசம் ஆகியிருந்தது. பச்சை லைட் மட்டும் தினமும் தவறாமல் மினுக்கியிருக்கிறது. டிஸ்குக்குச் சந்தனம், குங்குமம் எல்லாம் வைத்திருந்தார்கள், அது வேறு.

லைசென்ஸ் விஷயத்தில் இரண்டு. பழைய சர்வரை அழிக்கும் முன் டேலி லைசென்ஸை சரண்டர் செய்துவிடுங்கள். இரண்டாவது, வேறு கம்ப்யூட்டரிலிருந்தே சர்வருக்குள் நுழைந்து வேலை செய்யும் ரிமோட் டெஸ்க்டாப். அதற்கான லைசென்ஸ் இல்லாமலே 120 நாள் அது ஓடும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று எல்லோரும் மறந்த பிறகு, ஒருநாள் ஊழியர்கள் யாரையும் உள்ளே விடாது. டிசம்பர் 1-ஆம் தேதி போட்டவருக்கு அதிலிருந்து 120 நாள் கழித்து எந்தத் தேதி என்று எண்ணிப் பாருங்கள். லீப் வருஷமாக இல்லாவிட்டால் மார்ச் 31. வருஷக் கணக்கு முடிக்கிற அன்றைக்கு.

நாள் குறிப்பதிலும் இப்படித்தான். ஜிஎஸ்டி ரிட்டர்ன்களில் 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி 3பி, அப்புறம் சனிக்கிழமை கூலி. இதையெல்லாம் தவிர்த்து ஒரு ஞாயிறைச் சொன்னால், ஓனர் காலண்டரைப் பார்த்து "நாலரையிலருந்து ஆறு ராகு காலம், அதுக்கு முன்னாலயே முடிச்சுருங்க" என்கிறார். சரி என்றேன். நாலரைக்குள் முடியாவிட்டால் பழைய சர்வரையே திரும்ப ஓட விட்டுவிட்டு வீட்டுக்குப் போவது என்று நானும் முடிவு செய்துவிட்டேன். எனக்கும் ஒரு கெடு வேண்டுமே.

ஓடுகிற சர்வரின் மேலேயே புது விண்டோஸைப் போடலாமே என்று கேட்பார்கள். போடலாம். சர்வர் 2025 வந்த பிறகு 2012 ஆர்2-இலிருந்து நேராக ஒரே தாவலில்கூட வரலாம். ஆனால் பத்து வருஷக் குப்பையும் கூடவே வரும். ஏதாவது மக்கர் செய்தால் திரும்பிப் போகப் பழைய சர்வர் இருக்காது. காசு கொஞ்சம் கூடினாலும் பக்கத்தில் புதிதாக ஒன்றை நிறுத்துவதுதான் என் கட்சி. பழையதை நெட்வொர்க்கிலிருந்து கழற்றி, ஒரு மாதக் கணக்கு முடியும்வரை அழிக்காமல் வையுங்கள்.

நேற்று அந்தப் பனியன் கம்பெனியில் இரண்டாம் நாள் சுற்று. நோட்டில் பதினேழு ஐட்டம். கிளம்பும்போது கேட்டில் வாட்ச்மேன் அண்ணன், "கம்ப்யூட்டர் பாக்க வந்தீங்களா? மாடிப்படிக்குக் கீழ ஒண்ணு இருக்குதுங்களே, அதையும் பாத்துட்டீங்களா?" என்றார். பார்க்கவில்லை. பழைய அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால், மானிட்டர் இல்லாமல், தூசி அப்பிய ஒரு சிபியு. ஃபேன் ஓடுகிறது. பின்னால் செருகியிருந்த நெட்வொர்க் கேபிளில் லைட் எரிகிறது.

"இது எதுக்குங்கண்ணா?"

"தெரியலீங்க. ஆஃப் பண்ணிறாதீங்கன்னு எனக்கு முன்னால இருந்தவரு சொல்லிட்டுப் போனாரு."

பதினெட்டு என்று எழுதிக்கொண்டேன்.