நன்றி சொல்லத் தெரியாதவர்களா அவர்கள்?

மூன்று நாள்களாக நம் ஊர்க்காரர்களின் கைப்பேசிகளில் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தக் காணொளியை நானும் பார்த்தேன். தாப்பாவிலிருந்து அரிசியும் மைலோவும் ஏற்றிக்கொண்டு மலைமேல் இருக்கும், மலேசியப் பூர்வகுடிகளான செமாய் மக்களின் கம்பத்துக்கு, அதாவது கிராமத்துக்கு, போனவர்களை நான் குறை சொல்லவில்லை. அந்த மண்சாலையில் வண்டியை ஏற்றுவதே பெரும்பாடு. ஆனால் இறங்கி வந்த பிறகு, "ஒரு நன்றிகூடச் சொல்லாமல் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள், இன்னும் நாகரிகம் வரவில்லை" என்று எழுதிய அந்த இரண்டு வரிகளும், அவற்றின் கீழே நம்மவர்கள் வரிசையாகப் போட்ட சிரிப்புப் படங்களும் என்னைத் தூங்கவிடவில்லை.

செமாய் மக்களிடையே உணவைப் பகிர்ந்துகொள்வதற்கு நன்றி சொல்வது மரியாதை ஆகாது. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அப்பா ரப்பர் பால் வெட்டிய தோட்டத்தின் எல்லை தாண்டினால் காடு. காட்டில் கிடைக்கும் பெத்தாய்க் காயும் பிரம்பும் கொண்டுவந்து தோட்டத்துக் கடையில் விற்கும் செமாய்ப் பெரியவர் ஒருவர் அப்பாவுக்குப் பழக்கம். எனக்குப் பத்து வயது இருக்கும்போது, ஒரு டுரியான் பருவத்தில், அவருடைய கம்பத்துக்கு அப்பாவோடு நடந்து போனேன். வழியில் ஈப்போ மரம் ஒன்றைப் பெரியவர் காட்டினார். ஈப்போ நகரத்துக்குப் பெயர் கொடுத்தது இந்த மரம்தான். இதன் பாலைக் காய்ச்சித்தான் சும்பிட் குழலில் ஊதும் அம்புகளின் முனையில் நஞ்சாகத் தடவுவார்கள். மரப்பட்டையில் சாய்வாகக் கீறியிருந்த தழும்புகளை அப்பா விரலால் தடவிப் பார்த்து, "இவரும் பால் வெட்டுக்காரர்தான்டா" என்று சொன்னது இன்றும் காதில் இருக்கிறது.

கால்கள் மேல் உயர்த்திக் கட்டிய மூங்கில் வீடு அது. பிளந்த மூங்கில் தரையின் இடுக்கு வழியே கீழே மேயும் கோழிகள் தெரிந்தன. அன்று வேட்டையில் கிடைத்தது ஒரு சிறிய விலங்குதான்; அதையும் வீட்டுக்கு வீடு பங்கு பிரித்தார்கள், விருந்தாளிகளான எங்களுக்கும் ஒரு பங்கு வந்தது. அப்பா பழக்கியபடி நான் மலாய் மொழியில் "தெரிமா காசே", அதாவது நன்றி, என்றேன். பெரியவருடைய முகம் வாடிவிட்டது. பல ஆண்டுகள் கழித்து, செம்பனை ஆலையில் என்னோடு வேலை பார்த்த செமாய் நண்பர் அதன் காரணத்தைச் சொன்னார்: "நீ நன்றி சொன்னால், நான் எவ்வளவு கொடுத்தேன் என்று கணக்குப் பார்த்தாய் என்று பொருள். நான் கொடுக்கமாட்டேன் என்று நினைத்திருந்தாய் என்றும் பொருள்." ஒருவர் ஆசைப்பட்ட உணவு அவருக்குக் கிடைக்காமல் போனால் அவருக்குத் தீங்கு நேரும் என்று நம்புகிற மக்கள் அவர்கள். ஆகவே கொடுப்பது அவர்களுக்குத் தருமம் அன்று, கடமை. நம் வீட்டில் அம்மா சோறு போட்டபோது எந்தப் பிள்ளை நன்றி சொன்னது? அதற்காக நம்மை நாகரிகம் இல்லாதவர்கள் என்று யாராவது சொன்னார்களா?

"அப்படியானால் உதவியே செய்யக்கூடாதா?" என்று கேட்பீர்கள். செய்யுங்கள், படம் எடுக்காமல் செய்யுங்கள். "பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பமாட்டேன் என்கிறார்களே?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். அது நியாயமான கவலைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் 2015இல் கிளந்தானில் தண்டனைக்குப் பயந்து பள்ளி விடுதியிலிருந்து காட்டுக்குள் ஓடிய ஏழு தெமியார் பூர்வகுடிப் பிள்ளைகளில், 47 நாள்கள் கழித்து இரண்டு பேர்தான் உயிரோடு கிடைத்தார்கள் என்பதை அந்தத் தம்பி ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும். பிள்ளையை வீட்டிலிருந்து பிரித்துத் தொலைவில் விட அஞ்சுகிற தாயை அறியாமை பிடித்தவள் என்று சொல்ல என் நாக்கு எழவில்லை.

நிலத்தின் கதையும் இப்படித்தான். 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பூர்வகுடிகள் தங்கள் மண்ணிலேயே, அரசாங்கம் போகச் சொன்னால் போக வேண்டிய குடியிருப்பாளர்கள். நட்ட மரத்துக்கு இழப்பீடு கிடைக்கும், மண்ணுக்குக் கிடையாது என்றிருந்த நிலையில், விமான நிலைய நெடுஞ்சாலைக்காக நிலத்தை இழந்த தெமுவான் பூர்வகுடி மக்கள் வழக்குத் தொடுத்து, மண்ணும் தங்களுடையதே என்று 2002இல் ஷா ஆலாம் உயர் நீதிமன்றத்தில் தீர்ப்புப் பெற்றார்கள்.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லையா? எங்கள் தோட்டம் விற்கப்பட்டபோது, மூன்று தலைமுறை குடியிருந்த லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள். அம்மா நட்ட முருங்கைக்குக்கூட யாரும் விலை பேசவில்லை. தோட்டத்துக்காரனுக்கு நாகரிகம் தெரியாது என்று அன்று பட்டணத்தார் நம்மைச் சொன்னார்கள். அதற்கும் மேலாக ஒரு சொல்லால் நம்மை அழைத்தார்கள், அதை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டு அழுத வீடுகளில் பிறந்தவர்கள்தான், இந்தக் காணொளியின் கீழே "சாக்காய்" என்று எழுதியிருக்கிறார்கள். அடிமை என்ற பொருளில் அந்த மக்கள்மீது சுமத்தப்பட்ட பெயர் அது. எழுதியவர்களில் என் உறவினர்களும் இருக்கிறார்கள். அதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

காணொளியில் முகம் தெளிவாகத் தெரியும் அந்தப் பாட்டியை நம்மில் பலருக்குத் தெரியும். வாரச் சந்தையில் பெத்தாய்க் கட்டுகளோடு ஓரமாக உட்கார்ந்திருப்பவர் அவர்தான். கட்டு வாங்கினால் கைநிறையக் கீரையும் சேர்த்துக் கொடுப்பவர். அடுத்த சந்தைக்கு அவர் மலையிறங்கி வருவதற்குள் தயவுசெய்து அந்தக் காணொளியை எடுத்துவிடுங்கள்.